அசல் அளவு

அறையில் இருந்தவர்கள்: சிஸ்டர் மரியபுஷ்பம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குறைமாதக் குழந்தை. பென்சிலோடு அவன்.

இருக்க வேண்டிய தாய் இல்லை.

“ஆறு நாளாச்சு சார். பால் மட்டும் பீச்சி அனுப்புறா. வெளிய பெஞ்சு வரைக்கும் வருவா, உள்ள வர மாட்டேங்குறா. பொழைக்காதுன்னு அவளே முடிவு கட்டிட்டா. பாத்துட்டா அப்புறம் மறக்க முடியாதாம்.”

பெட்டியில் ஒட்டிய சீட்டு: தமயந்தியின் ஆண் குழந்தை. அறுநூற்று எண்பது கிராம்.

அவனுக்கு வேண்டியது ஒரு கை. நிதி திரட்டும் தபால்தலைக்கு. அதை விற்று இதுபோல் இன்னும் பெட்டிகள் வாங்குவார்கள்.

தபால்தலையை அதன் அளவில் அவன் வரைந்ததில்லை. ஆறு மடங்கு பெரிதாக வரைவான். அச்சில் சுருக்குவார்கள். பதினேழு வருடமாக அப்படித்தான்.

வரைந்தான்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பால்வாடிக்குப் போற புள்ள கை மாதிரியில்ல இருக்கு?”

கிழித்தான்.

தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டையை வெட்டினான். கைக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தான்.

கை அதற்குள் அடங்கியது. சுற்றிலும் இடம் மிச்சம்.

குனிந்தான்.

ஐந்து விரலிலும் நகம் இருந்தது. உள்ளங்கையில் ரேகைகள் ஓடின. விளக்கு வெளிச்சம் விரல்களுக்குள் புகுந்து சிவப்பாக மறுபக்கம் வந்தது.

எதுவும் விடுபடவில்லை.

இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு வேலையை அவன் பார்த்ததில்லை.

அந்த அட்டையிலேயே வரைந்தான். சுருக்க ஒன்றுமில்லை.

வெளியே வந்தான். பெஞ்சில் ஒரு பெண். நைட்டி மேல் துண்டு.

கையை நீட்டினாள். அட்டையைக் கொடுத்தான்.

வெகுநேரம் பார்த்தாள்.

“ஸ்டாம்புக்காகச் சின்னதாக்கிட்டீங்க. நெசத்துல எம்புட்டு இருக்கும்?”

பொய் சொல்லலாமா என்று நினைத்தான்.

“இம்புட்டுதாம்மா.”

அவள் சுண்டுவிரல் நுனியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். உள்ளங்கை மறைந்தது. வரைந்த விரல்கள் அவள் விரலைச் சுற்றி நின்றன.

எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

சிஸ்டர் கதவைத் திறந்து அவளை மட்டும் உள்ளே விட்டாள். சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.