முதன்மைக் கடவுச்சொல்

ஆங்கில ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அருள்புரத்தில் என் மகன் நடத்தும் பனியன் கம்பெனியின் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். அவ்வேலை என் கையைவிட்டுப் போவதை நான் விரும்பவில்லை.

மருமகள் ஜெயசுதா என் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்தாள். கடவுச்சொற்கள் அனைத்தையும் அது காக்கும். அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் நான் நினைவில் கொள்ள வேண்டும்.

“மறந்துட்டீங்கன்னா யாராலயும் எடுத்துத் தர முடியாதுங்க மாமா. எங்கிட்டயாவது சொல்லி வைங்க.”

“ஊரெல்லாம் சொல்றதுக்கு அதென்ன கல்யாணச் சேதியா?” என்று சீறினேன்.

மறுநாள் காலையில் மறந்துவிட்டேன். மறந்ததை ஜெயசுதாவிடம் சொன்னால் கடிதங்களை அவளே எழுதத் தொடங்கிவிடுவாள், பிழைபட எழுதுவாள். செய்வதறியாமல் காபி போடச் சென்றேன். திரும்பியபோது கடவுச்சொல்லுக்கான கட்டம் நிறையக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, எக்ஸ்டென்ஷன் திறந்திருந்தது. வீட்டில் வேறெவரும் இல்லை.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. நான் காபி போடச் செல்வேன், திரும்பும்போது திறந்திருக்கும். ஒரு கடிதமும் தாமதமாகவில்லை.

“இன்னும் மறக்கலீங்களா மாமா?” என்று நேற்று ஜெயசுதா சிரித்தாள்.

“ஒரு நாளும் தடங்கல் இல்லை கண்ணு” என்றேன். அது பொய்யன்று.

இன்று சற்று முன்னதாகவே திரும்பிவிட்டேன். அறைக்குள் கணினியின் விசைகள் ஒவ்வொன்றாக, நிதானமாக அழுந்தும் ஓசை கேட்டது. அது முடியும்வரை கதவுக்கு வெளியே காபியுடன் நின்றேன். பிறகு, வகுப்பறைக்குள் நுழையுமுன் செய்வதுபோல் தொண்டையைக் கனைத்தேன்.

உள்ளே யாரோ எழுந்து நிற்பதுபோல், நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.