சேரன் போட்ட பீட்டு

சாமிக்கண்ணு சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் சேரனைப் பார்க்க, சிதம்பரத்திலிருந்து முதல்முறையாகக் கடலூர் வந்திருந்தான் ஆரோக்கியராஜ். கெமிக்கல் கம்பெனிப் புகையைப் பற்றிச் சேரன் பாடிய ராப், ஊர் ஊராகச் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர் மேடையில நீ புதுசா ஒண்ணு பாடணும் மச்சான். ஆனா அதே பீட்டுதான் வேணும். கர்ருனு இழுத்து இழுத்து நிக்குதே, அது. எந்த மியூசிக் ஆப்புல போட்ட?"

"ஆப்பு இல்ல. இந்த ரூம்லதான் செல்லுல எடுத்தேன்."

"அப்ப இன்னொரு வாட்டி எடுத்துடு. என்ன பெரிய வேல?"



சாமிக்கண்ணு ஆணியை அசைத்துப் பார்த்தார். மனைவி இருசம்மாளின், பொட்டு வைத்த படத்தை எடுத்து அதில் மாட்டினார்.

"இவன் அம்மா மூச்சு இழுத்த சத்தம் தம்பி அது," என்றார். "பாட்டு வெளிய வந்த மூணாம் நாளே நின்னு போச்சு."