முதல் விதி

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்தபடியே செவலை நாய், தெருநாய்கள் கட்சிக்குச் சட்டதிட்டம் வகுத்தது.

"முதல் விதி. தலைவர் குரைச்ச பிறகுதான் மத்தவங்க குரைக்கணும். தலைவர் நான்."

"ஆபத்து வந்தாலுமா அண்ணே?" என்றது மொட்டைவால் நாய்.

"அப்பவும்தான். கண்டவனும் குரைச்சா அது கட்சியா, சந்தைக்கடையா?"

மறுநாள் செவலை அசந்து தூங்கும்போது நாய் பிடிக்கும் வண்டி வந்தது. அதை முதலில் பார்த்த மொட்டைவால், தொண்டை வரை வந்த குரைப்பை விழுங்கிக்கொண்டு சந்துக்குள் ஒதுங்கி நின்றது.

கழுத்தில் சுருக்கு மாட்டி வண்டியில் ஏற்றிய பிறகுதான் செவலை குரைத்தது. அடுத்த நொடி தெருவே சேர்ந்து குரைத்தது.

செவலைக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கூண்டு நாயிடம் சொன்னது: "பார்த்தியா, ஒருத்தன்கூட எனக்கு முன்னாடி வாய் திறக்கலை!"