இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு

மூன்று நாளாக ஒரு மெயிலும் போகவில்லை என்று அவள் சொன்னபோது, இணையக் கம்பெனியின் கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"லைன் நல்லாத்தாம்மா இருக்கு. வெளிய போற மெயிலை மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க."

ஏன்?

"கண்டதையும் ஊருக்கெல்லாம் அனுப்புறவங்களை இப்பல்லாம் கம்பெனி விடுறதில்லம்மா."

கண்டதையும்!

கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள்.

அவள் கணவர். பள்ளிக்கூடத்தை இருபது வருடம் ஒற்றைப் பிரம்பால் ஆண்ட தலைமையாசிரியர். மறதி நோய் முற்றி, பன்னிரண்டு நாள் முன்பு செருப்புகூடப் போடாமல் வீட்டை விட்டு இறங்கிப் போனவர்.

தினமும் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இந்தப் படத்தை அனுப்புவாள். பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள், மகனுடைய ஆபீஸ்காரர்கள், சம்பந்தி வீட்டார். ஒருவரையும் விடவில்லை. கூடவே அன்றன்றைக்கு நினைவுக்கு வரும் அடையாளம் ஒன்றையும் எழுதுவாள்.

இடது காதோரம் மச்சம்.

'சார்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரே நேரத்துல இருநூறு பேருக்குப் போகுதுல்லம்மா. போதாததுக்குக் குப்பை மெயில்னு புகாரும் வந்திருக்கு. நாலு தடவை. நாலும் ஒரே ஆளு."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அந்த முகவரியைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

மகன்.

ஒரே மகன்.

முதல் புகாரின் தேதியைப் பார்த்தாள். அவர் காணாமல் போன ஆறாம் நாள். அன்றைக்கு என்ன எழுதினாள் என்பது வரிக்கு வரி நினைவிருந்தது.

'பசி வந்தால் யாரிடமும் கை நீட்டுவார். விரட்டிவிடாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.'

சம்பந்தி வீட்டிலும் படித்திருப்பார்கள்.

மானம் போயிற்று அவனுக்கு. அப்பா போனது போகட்டும்!

"இந்த ஒரு முகவரியை எடுத்துடுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. இன்னைக்கே திறந்துவிடச் சொல்றேன்."

எழுதினாள்.

தாளை நீட்டும்போது செல்போன் அடித்தது.

அவன்தான்.

"அம்மா, யாராவது பதில் போட்டாங்களா?"

திரையில் அந்த நாலு புகார் வரிகளும் அப்படியே இருந்தன.

"ஒரே ஒருத்தர் போட்டிருக்காருப்பா" என்றாள்.

"யாரும்மா? அப்பா எங்க இருக்காராம்? சொல்லும்மா!"

அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.