மஞ்சள் தெரியாத திரை

ஒரே மேசையில் இரண்டு லேப்டாப்கள் இருந்தன. ஒன்று ஆபீஸில் கொடுத்த விலை உயர்ந்தது. இன்னொன்று ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. அதன் திரையில் எல்லா நிறமும் வெளுத்துத்தான் தெரியும்.

ஊரில் பிள்ளை பெற்றிருந்த பெனிட்டா, கணவன் ஆரோனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். "பாப்பாவுக்கு மஞ்சக்காமாலையோன்னு பயமா இருக்குங்க. கண்ணு மஞ்சளாத் தெரியுதா, பாருங்க."

ஆரோன் அதை ஆபீஸ் லேப்டாப்பில் திறந்தான். கண் மஞ்சளாகத்தான் இருந்தது. உடனே மற்றதில் திறந்தான். பாப்பா ரோஜாப்பூப் போல இருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீயா எதையாவது நினைச்சுப் பயப்படாத. நல்லாத் தூங்கு" என்று பதில் போட்டான்.

"அடப்பாவி, பொய் சொல்லிட்டியே!" என்று பக்கத்து லேப்டாப்பைத் திட்டியது ஆபீஸ் லேப்டாப்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே காட்டினேன்? உனக்கு நிறம் தெரியும் அண்ணே, மனுஷனைத் தெரியாது" என்றது தள்ளுபடி லேப்டாப்.

நல்லவேளை, பெனிட்டா தூங்கவில்லை. விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மத்தியானம் இன்னொரு போட்டோ வந்தது. "காமாலைதானாம். நேரத்தோட வந்ததால பயமில்லைன்னு டாக்டர் சொன்னாங்க."

ஆரோன் அதையும் ஆபீஸ் லேப்டாப்பில் திறந்தான். காமாலைக்கு வைக்கிற நீல விளக்கின் அடியில் பாப்பாவின் கண்ணை மூடிக் கட்டிய துணியும், குதிகாலில் ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சும், அழுகிற வாயும் பளிச்சென்று தெரிந்தன. பட்டென்று லேப்டாப்பை மூடினான்.

"நீ நல்லாத் தூங்கு அண்ணே" என்றது தள்ளுபடி லேப்டாப். "ஐயா என்கிட்டதான் வர்றாரு."