தற்காலிகக் கட்டடம்

ஓர் ஊரில் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தை ஒரு பழைய அரிசி குடோனில் திறந்தார்கள். வாசலில் மாட்டிய பலகையில் 'தற்காலிகக் கட்டடம்' என்று எழுதியிருந்தது. விழாவில் நடுவதற்காகத் தலைமை வளாகத்திலிருந்து ஒரு புங்கங்கன்றும் வந்திருந்தது.

"என்னை எங்கே நடுவாங்க?" என்று கன்று கேட்டது.

"இங்கே எதுக்கு? அடுத்த வருஷம் சொந்தக் கட்டடத்துக்குப் போயிடுவோம்," என்றது பலகை.

"அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு நிழல் வேணாமா?" என்றது உள்ளேயிருந்த பெஞ்சு. பலகை அதைக் காதில் வாங்கவில்லை. விழாவுக்கு வந்தவர்களும் பலகையைப் படித்துவிட்டு, கன்றை வந்த வேனிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே இருபத்திரண்டு வருஷம் போயிற்று. பிள்ளைகள் வெயிலில் நின்று சாப்பிட்டார்கள். தகரக் கூரைக்கு அடியில் வியர்வை சொட்டப் பரீட்சை எழுதினார்கள். பிறகு கிளையையே மூடிவிட்டார்கள். பெஞ்சையும் பலகையையும் லாரியில் ஏற்றி, தலைமை வளாகத்தில் ஒரு பெரிய புங்கமரத்தடியில் இறக்கினார்கள்.

மரம் பலகையை அடையாளம் கண்டுகொண்டது.

"வாங்கண்ணே. சொந்தக் கட்டடம் எப்படி இருக்கு? பிள்ளைங்களுக்கு அங்கே நிழல் இருக்கா?"

பெஞ்சு பலகையைப் பார்த்தது.

"அடுத்த வருஷம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த பலகை, தன்மேல் விழுந்த நிழலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது.