பச்சைப் பொத்தான்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதியின் மூன்றாம் மாடி. பிற்பகல் வெயில் கட்டிலில் கால் நீட்டிக் கிடக்கிறது. சுபிக்ஷாவின் லேப்டாப்பில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரே ஓடுகிறது, பழைய விண்டோஸும் வெளிறிய நீலமுமாக. புதிய கம்ப்யூட்டர் எதிலும் ஓட மறுக்கும் ஆபீஸ் மென்பொருள் ஒன்றுக்காக ஐந்து வருடமாக அவள் அதற்குள்தான் குடியிருக்கிறாள். காலையில் தொடங்கிய வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க, பழக்க தோஷத்தில் உள்ளே ஒரு க்ளிக் செய்துவிட்டாள். அவ்வளவுதான், மவுஸின் அம்பு அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. அதை வெளியே விட வலது கன்ட்ரோல் கீயை அழுத்த வேண்டும். போன வாரம் டீ கொட்டியதிலிருந்து அந்தக் கீ பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவை கேட்கிறது. லேப்டாப் மணியடிக்கிறது. புது வேலைக்கான இன்டர்வியூ, வீடியோ காலில். ஜன்னலுக்கு வெளியே, திரையின் மூலையில், காலை எடுக்கும் பச்சைப் பொத்தான் துடிக்கிறது. அம்போ விளிம்பு வரை ஓடி, கண்ணாடியில் மாட்டிய ஈயைப் போல முட்டி முட்டித் திரும்புகிறது.

“லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டுப் போடுடி!” என்கிறாள் அறைத்தோழி மகா.

“காலைலேர்ந்து ஓடுனது போயிடும்டி. தொண்ணூறு பர்சன்ட் ஆயிடுச்சு.”

“விட்டுட்டுப் போற ஆபீஸுக்காடி பாக்கற?”

சுபிக்ஷா நகம் வெளுக்கக் கீயை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். மணி நிற்கிறது. பச்சை மறைகிறது. அப்புறம்தான் கீ கேட்கிறது. அம்பு சாவகாசமாக வெளியே வந்து, பொத்தான் இருந்த வெற்றிடத்தில் போய் நிற்கிறது. உள்ளே தொண்ணூற்றொன்று.